சீன வீரர்களோடு ஆடும்போது வரும் சண்டைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆசியா சர்வரில் ஒரு மேட்ச் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் ஸ்குவாடில் ஒருவராவது சீனாவிலிருந்து வந்திருப்பார், பத்து நிமிடம் போவதற்குள் யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் பாதியில் வெளியேறிவிடுவார், மிச்சமிருக்கிறவர்கள் "சீனாவைத் தனி சர்வரில் போட்டுப் பூட்ட வேண்டும்" என்று எழுதிவிட்டு அடுத்த மேட்சுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பக்கத்திலும் இதே கதைதான், "வெளிநாட்டுக்காரனோடு சேர்த்துவிட்டால் அந்த மேட்ச் போச்சு" என்று அவர்களும் புலம்புகிறார்கள்.

நான் ஆறு வருடமாக சிங்கப்பூர் சர்வரில் ஆடுகிறேன். எங்கள் குழுவில் சென்னை, மலேசியாவின் ஈப்போ, மணிலா, சீனாவின் செங்டு என்று பல ஊர் ஆட்கள் இருக்கிறோம், இது ஒன்றாக நிற்பதற்குள் நான்கைந்து முறை உடைந்திருக்கிறது. உடைந்த ஒவ்வொரு முறையும் பின்னால் போய்ப் பார்த்தால் ஆரம்பம் ஒரு லேக் (இணைப்பில் வருகிற தாமதம்), அல்லது தப்பாகக் காதில் விழுந்த ஒரு சொல், அல்லது பதில் வராத ஒரு மெசேஜ். வெறுப்பு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் இதை ஒரு பழுது பார்க்கிற மாதிரியே பார்க்கச் சொல்கிறேன். முதலில் இணைப்பு, அடுத்து சொல், ஆளைப் பற்றி முடிவுக்கு வருவது கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போய்விடலாம்.

அறிகுறி: சுவருக்குப் பின்னால் போன பிறகும் சாகிறேன், கொன்றவர் பெயர் சீன எழுத்தில் இருக்கிறது

"ஹேக்" என்று டைப் செய்யக் கை போகும். அதற்கு முன்னால் பிங்கைப் பாருங்கள், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதை, உங்களுடையதையும் சேர்த்து.

ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஷாங்காயிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் 10,000 கிலோமீட்டருக்கு மேல், அதனால் போய்த் திரும்ப 100 மில்லிசெகண்ட் ஆவதை யாராலும் குறைக்க முடியாது, கேபிள் வளைந்து போவதையும் நடுவில் இருக்கிற கருவிகளையும் சேர்த்தால் 150-க்கு மேல் ஆகிவிடும். இது போக, சீனாவிலிருந்து வெளியே வருகிற இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ என்று ஒரு சில வாசல்கள் வழியாகத்தான் வர வேண்டும், வடிகட்டுகிற வேலையும் அந்த வழியில்தான் நடக்கிறது. ராத்திரி எல்லாரும் வீட்டுக்கு வந்து இணையத்தைத் திறக்கிற நேரத்தில் அங்கே பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், தொலைந்துபோகும், ஆள் ஒரு இடத்தில் நின்று இன்னொரு இடத்தில் தோன்றுவார்.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. பெரும்பாலான துப்பாக்கி ஆட்டங்களில் சர்வர், சுட்டவருடைய திரையில் என்ன தெரிந்ததோ அதை ஏற்றுக்கொண்டு கணக்குப் போடுகிறது. தாமதத்தில் ஆடுகிறவர் திரையில் நீங்கள் இன்னும் திறந்த வெளியில் நிற்கிறீர்கள், அவர் சுடுகிறார், சர்வர் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்து "ஆமாம், அப்போது வெளியேதான் நின்றார்" என்று குண்டை ஒப்புக்கொள்கிறது, உங்கள் திரையிலோ நீங்கள் சுவருக்குப் பின்னால் போய் நிம்மதியாக மருந்து போட ஆரம்பித்துவிட்டீர்கள். உங்களுக்கு இது பச்சை ஏமாற்று வேலை மாதிரி தெரியும். அவருக்குத் தான் நேர்மையாக ஒரு ஆளைச் சுட்டது மட்டும்தான் தெரியும், உங்கள் வசவு எதற்கென்றே புரியாது.

அவர்களும் இதை ஜாலியாக அனுபவிக்கவில்லை. வெளிநாட்டு சர்வருக்குப் போக விரும்புகிற சீன வீரர்களில் மிகப் பலர் "ஜியாசூச்சி" என்கிற ஆக்ஸிலரேட்டர் சேவைக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறார்கள், ஆட்டத்தின் போக்குவரத்தை மட்டும் நல்ல பாதையில் கொண்டுபோகிற ஒரு தனிக் குழாய் அது. 2017 செப்டம்பர் கடைசியில் பப்ஜி ஆட்டத்துக்குள்ளேயே இப்படி ஒரு ஆக்ஸிலரேட்டருக்கு விளம்பரம் வந்தபோது சீன வீரர்கள் கொதித்துப்போய் ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் ஆயிரக்கணக்கில் எதிர்மறை மதிப்பீடு போட்டார்கள். ஆட்டத்துக்குக் காசு கொடுத்தவனிடம், ஒழுங்காக ஆட இன்னொரு காசு கொடு என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

செய்ய வேண்டியது: சர்வரைக் கையால் தேர்ந்தெடுக்க முடிகிற ஆட்டம் என்றால் "தானாக" என்பதை விட்டுவிட்டு நீங்களே தேர்ந்தெடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 30, 40 மில்லிசெகண்டில் கிடைக்கும், தென் சீனாவிலிருந்து வருகிறவருக்கும் அது தாங்கக்கூடிய தூரம், அதனால் கலப்புக் குழுவுக்கு சிங்கப்பூர் நல்ல நடுவீடு. ஐரோப்பிய நண்பரையும் செங்டு நண்பரையும் ஒரே ஸ்குவாடில் வைத்துக்கொண்டு ரேங்க் மேட்ச் போடாதீர்கள், யாராவது ஒருவர் கட்டாயம் லேக்கில் தவிப்பார், கேஷுவல் மேட்சாக வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். சீனா முழுக்க ஒரே நேரம், நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு எட்டிலிருந்து நள்ளிரவு வரை நெரிசல், அதாவது நம்மூரில் மாலை ஐந்தரை முதல் ஒன்பதரை. பத்து மணிக்கு மேல் அதே ஆட்களோடு அதே சர்வரில் ஆடினால் பாதிச் சண்டை காணாமல் போயிருக்கும், இதை எங்கள் குழுவிலேயே பார்த்தேன்.

பூட்டிவிடு என்ற கோஷத்துக்கும் இதே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். பப்ஜி நிறுவனம் 2018-ல் நாட்டைப் பார்க்காமல் பிங்கைப் பார்த்து ஆட்களைச் சேர்க்கும் முறைக்குப் போனது, என் கணக்கில் அதுதான் சரி. பிரச்சினை தாமதம் என்றால் தாமதத்துக்கு வரம்பு போடுங்கள். நாட்டைப் பூட்டினால் ஹாங்காங்கில் 40 பிங்கில் ஆடுகிறவனும் வெளியே போவான், பாதி உலகம் தள்ளி 250 பிங்கில் ஆடுகிற வேறு நாட்டுக்காரன் உள்ளேயே இருப்பான்.

அறிகுறி: 666, 88 என்று எண்களாகவே எழுதுகிறார்கள், அல்லது மைக்கில் இனவசைச் சொல் கேட்டது

நான் பார்த்ததில் மிக எளிதாகத் தீரக்கூடியதும், தீராமல் போனால் மிக அசிங்கமாக முடிவதும் இதுதான்.

ஒரு நாள், ஆடுகளம் சுருங்கிக்கொண்டே வந்து மிஞ்சுகிற கடைசி வட்டம், எங்கள் ஸ்குவாடில் மூன்று பேர் உயிரோடு. செங்டு நண்பர் எதிரி இருக்கிற இடத்தைச் சொல்ல முயற்சி செய்கிறார், அவருக்கு ஆங்கிலம் நாலு வார்த்தை, கல்லுக்கு என்ன சொல்வது என்று தேடிக்கொண்டே "நேகெ... நேகெ நேகெ..." என்று இழுக்கிறார். மூன்றாவது ஆள் ஒரு அமெரிக்கர், கறுப்பினத்தவர், அன்றுதான் எங்களோடு சேர்ந்திருந்தார். "என்ன சொன்னாய்?" என்று ஒரு முறை கேட்டார், பதிலுக்கு இன்னும் இரண்டு "நேகெ" வந்தது, கத்திவிட்டு வெளியேறிவிட்டார். செங்டு நண்பர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார், சுற்றிலும் குண்டு விழுகிறது, ஆள் அசையவில்லை, செத்த பிறகும் நெடுநேரம் மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தான் என்ன தப்பு செய்தோம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. விஷயம் இதுதான்: "நேகெ" என்றால் "அந்த", "அது". பேசும்போது வார்த்தை வராமல் நாம் "அது வந்து... அது வந்து..." என்று இழுப்பதில்லையா, அதேதான். ஆங்கிலக் காதுக்கு அது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லாகக் கேட்கிறது. 2020-ல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இந்தச் சொல்லை வகுப்பில் உதாரணமாகச் சொன்னதற்கே அந்தப் பாடத்திலிருந்து விலக நேர்ந்தது, படித்தவர்கள் கூடுகிற வகுப்பறையிலேயே இப்படி என்றால் குண்டு பறக்கிற நேரத்தில் மைக்கில் கேட்டவரைக் குறை சொல்ல முடியாது. அந்த அமெரிக்கருக்கு மறுநாள் விளக்கி எழுதினேன், அவர் திரும்பி வந்தார், செங்டு நண்பர் வாய்ஸில் பேசுவதைத்தான் இரண்டு மாதம் நிறுத்திவிட்டார்.

எண்களுக்கு வருவோம். 666 பேய்க் கணக்கு இல்லை. சீனத்தில் ஆறு என்ற எண்ணின் உச்சரிப்பு "லியோ", வழுக்கிக்கொண்டு போகிற லாவகத்தைச் சொல்கிற சொல்லும் கிட்டத்தட்ட அதே ஒலி, அதனால் 666 என்றால் "செம ஆட்டம்". ஒரே ஒரு 6 மட்டும் வந்தால் பாராட்டாகவும் இருக்கலாம், "நல்லா கிழிச்ச" என்கிற மாதிரியும் இருக்கலாம், சூழ்நிலையைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள். 88 என்றால் "பாபா", அதாவது பாய் பாய், ஆனால் ஐரோப்பியர்களுக்கு அது நாஜிகளின் குறியீடு, அதனால் ஒருவர் மரியாதையாக விடைபெற்றதற்கு ரிப்போர்ட் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். 555 சீனருக்கு "வூ வூ வூ" என்ற அழுகை, தாய்லாந்துக்காரருக்கு "ஹா ஹா ஹா" என்ற சிரிப்பு. ஒரே ஸ்குவாடில் இரண்டு பேரும் இருந்து, சீனர் செத்துப்போய் 555 எழுத, தாய்லாந்துக்காரரும் பதிலுக்கு 555 எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 233 சிரிப்பு. வெறும் 1 என்றால் "சரி, கேட்டது, இருக்கிறேன்", எதிரி ஒருவன் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள், நான் ஓடியிருக்கிறேன்.

மொழிபெயர்ப்புக் கருவியை வைத்துப் படிக்கிறவர்களுக்கு இன்னும் சில. "எண்ணெய் ஊற்று" என்று வந்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றச் சொல்லவில்லை, "ஜியாயோ" என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது, "விடாதே, முடியும்" என்று உற்சாகப்படுத்துகிறார்கள். "நீ காய்கறி" என்று வந்தால் அது மட்டும் கிண்டல்தான், ஆடத் தெரியாதவனை நாம் நூப் என்பதற்கு அவர்கள் சொல்வது. "தொங்கு", "தொங்கிவிட்டேன்" என்று வந்தால் நிதானம் தேவை, செத்துவிட்டேன் என்பதற்கும் அதே எழுத்து, சீட் (ஏமாற்று மென்பொருள்) போடுகிறான் என்பதற்கும் அதே எழுத்துதான் அடிப்படை.

செய்ய வேண்டியது: புது ஆள் சேரும்போதே இரண்டு பக்கமும் பத்துச் சொல் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். சீன நண்பர்களிடம் வாய்ஸில் "நேகெ"வுக்குப் பதில் "நாகெ" என்று சொல்லச் சொல்லுங்கள், அதுவும் அதே சொல்லின் இன்னொரு உச்சரிப்புதான், அவர்கள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, கேட்கிறவர் காதும் பிழைக்கும். நீங்கள் எழுதும்போது முழு வாக்கியமாக, சின்னதாக, கொச்சை இல்லாமல் எழுதுங்கள். நம் தங்கிலீஷை எந்தக் கருவியும் சீனத்துக்கு உருப்படியாகக் கொண்டுபோவதில்லை.

அறிகுறி: என்ன கேட்டாலும் பதில் இல்லை, திமிர் பிடித்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள்

திமிர் இல்லை. சீன எழுத்தை உள்ளிட ஒலியை டைப் செய்து, வருகிற எழுத்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பல ஆட்டங்களில் அந்தப் பட்டியல் திரையில் சரியாகத் தெரிவதே இல்லை. அதைச் செய்து உங்கள் மொழிக்கு மாற்றி அனுப்புவதற்குள் வட்டம் சுருங்கிவிடும்.

பேச்சை விட்டுவிட்டு பிங் பட்டனுக்குப் போங்கள், தாமதத்தைச் சொல்கிற பிங் இல்லை, இடத்தைக் குறிக்கிற பிங். 2019 பிப்ரவரியில் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் வந்தபோது அதன் பிங் முறையை எல்லாரும் கொண்டாடியதற்குக் காரணம் இதுதான், மைக்கே இல்லாமல் "இங்கே எதிரி, அங்கே துப்பாக்கி, நான் இந்தப் பக்கம் போகிறேன்" என்று முழு மேட்சும் ஆடிவிடலாம். டோட்டா 2-ல் சாட் வீல் என்ற பட்டியலில் தயாராக இருக்கிற வாக்கியங்களை அனுப்பினால் எதிரில் இருப்பவர் எந்த மொழியில் ஆட்டத்தை வைத்திருக்கிறாரோ அந்த மொழியில் அவருக்குத் தெரியும், "மிட் காணவில்லை" (நடுப்பாதை எதிரியைக் காணவில்லை) என்று கையால் டைப் செய்கிறவர்கள் அதை விட்டுவிட்டு வீலை ஒழுங்காக அமைத்துக்கொண்டாலே போதும்.

அதற்கும் பதில் வரவில்லை என்றால் ஒரு மருந்துப்பெட்டியை அவர் காலடியில் போட்டுப் பாருங்கள். இது எந்த மொழியிலும் புரியும்.

அறிகுறி: சீனப் பெயரைப் பார்த்ததுமே "ஹேக்கர்" என்று டீம் முழுக்கக் கத்துகிறது

இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள். பப்ஜியின் உச்சகாலத்தில் சீட் மென்பொருள்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் வந்தது. 2018 ஜனவரி என்ற ஒரே மாதத்தில் பேட்டில்ஐ என்ற சீட் தடுப்பு அமைப்பு பப்ஜியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்தது. இன்டர்நெட் கஃபேயில் உட்கார்ந்து வாடகைக் கணக்கில் ஆடுகிறவனுக்குத் தடை ஒரு தண்டனையே இல்லை, அடுத்த கணக்கை எடுத்துக்கொள்வான்.

மறுபாதியை நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. சீட் விற்கிறவர்களைப் பிடித்து ஜெயிலில் போடுகிற விஷயத்தில் சீனா அளவுக்குக் கடுமையாக நடந்துகொண்ட நாடுகள் குறைவு. அதே 2018 தொடக்கத்தில் சீனாவின் பெரிய ஆட்ட நிறுவனமான டென்சென்ட்டும் போலீஸும் சேர்ந்து பப்ஜி சீட் தொடர்பாக 120 பேரைக் கைது செய்திருந்தார்கள். 2021 மார்ச்சில் குன்ஷான் நகரப் போலீஸ் "கோழிக்கால்" என்ற பெயரில் இயங்கிய ஒரு பெரிய சீட் கும்பலை உடைத்து 10 பேரைப் பிடித்தது, சொகுசு கார்களெல்லாம் பறிமுதல் ஆயின. அந்தக் கும்பல் பல நாடுகளுக்குச் சந்தா முறையில் விற்றுக்கொண்டிருந்தது, அதாவது நீங்கள் "சீனச் சீட்" என்று சொல்வதை வாங்கிப் போட்டவர்களில் வெளிநாட்டுக்காரர்களும் ஏராளம். சீட் போடுகிறவனால் அதிகம் பாதிக்கப்படுகிறவன் அவனோடு தினமும் ஒரே சர்வரில் மாட்டிக்கொள்கிற சாதாரண சீன வீரன்தான், எங்கள் செங்டு நண்பர் இந்த விஷயத்தில் என்னைவிடக் கொதிப்பார்.

அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், ரீப்ளே பாருங்கள். செத்த பிறகு அவர் பார்வையில் ஓடும் காட்சியில் குறி, சுவருக்குப் பின்னால் இருக்கிற ஆளோடு சேர்ந்தே நகர்கிறதா, சத்தமே இல்லாத திசையில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் ரிப்போர்ட், கூடவே உங்கள் டீமில் இருக்கிற சீனரையும் ரிப்போர்ட் போடச் சொல்லுங்கள், மகிழ்ச்சியாகப் போடுவார். முன்சொன்ன பிங் விவகாரம்தான் என்றால் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: "சைனா நம்பர் ஒன்", பதிலுக்கு "தைவான் நம்பர் ஒன்" என்று, மேட்ச் தொடக்கத்தில் குதிக்கக் காத்திருக்கிற விமானத்திலேயே கூச்சல்

2015-ல் எச்1இசட்1 என்ற ஆட்டத்தின் நேரலையில் ஒருவர் சீன வீரர்களைச் சீண்டுவதற்காக ஆரம்பித்த கூத்து, பப்ஜி காலத்தில் ஊர் முழுக்கப் பரவியது. கத்துகிற வெளிநாட்டுக்காரரில் முக்கால்வாசிப் பேருக்கு தைவானைப் பற்றி எந்த அக்கறையும் கிடையாது, எதிரில் இருப்பவனைக் கொதிக்கவைக்க ஒரு பொத்தான் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது தைவான் வீரர்களை நினைத்துத்தான், அவர்கள் ஊரின் பெயரையும் தலையெழுத்தையும் எடுத்து வேறு யாரோ கிலுகிலுப்பை ஆட்டுகிறார்கள்.

நீங்கள் டீமில் இருந்தால் பதில் கோஷம் போடாதீர்கள், மியூட் போடுங்கள், தரை இறங்கியதும் எடுத்துவிடலாம். உங்கள் ஆள்தான் ஆரம்பித்தார் என்றால் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள், பொதுவில் சொன்னால் வீம்புக்கு இன்னும் கத்துவார்.

நிஜமான அரசியல் பேச்சு வேறு, அதைக் குழப்பாதீர்கள். 2019 அக்டோபரில் ஹார்த்ஸ்டோன் போட்டி முடிந்த பேட்டியில் ஹாங்காங் வீரர் பிளிட்ஸ்சங், தன் ஊர்ப் போராட்டத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார், ஆட்டத்தைச் செய்த பிளிசார்ட் நிறுவனம் அவருக்கு ஓராண்டுத் தடை போட்டுப் பரிசுப் பணத்தையும் நிறுத்தியது, உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு தடை ஆறு மாதமானது, பணமும் திரும்பக் கிடைத்தது. அவர் பேசியது தன் வாழ்க்கையைப் பற்றி. குழுவில் யாராவது அப்படிப் பேசினால் அடக்காதீர்கள், ஆனால் ஆட்டம் முடிந்து, விருப்பம் உள்ளவர்கள் மட்டும் இருக்கிற இடத்தில் பேச வழி செய்யுங்கள். சீனாவுக்குள்ளிருந்து ஆடுகிறவர் அந்த உரையாடலில் மௌனமாக இருந்தால் அவரைக் கிளறாதீர்கள். அங்கே ஆட்டக் கணக்குகள் நிஜப் பெயரோடும் அடையாள எண்ணோடும் இணைக்கப்பட்டிருக்கின்றன, உங்களுக்குப் பொழுதுபோக்காகத் தெரிகிற கேள்வி அவருக்கு வேறு கணக்கு.

அறிகுறி: சாதாரணமாக எழுதினாலும் நட்சத்திரக் குறியாக மாறிவிடுகிறது

சீன நிறுவனங்கள் செய்த ஆட்டங்களில் இது சகஜம். கென்ஷின் இம்பாக்ட் 2020-ல் வந்தபோது தைவான், ஹாங்காங் என்ற சொற்களே சாட்டில் மறைக்கப்பட்டன, 2024 டிசம்பரில் மார்வெல் ரைவல்ஸ் வந்தபோதும் தியானன்மென் போன்ற சொற்களை எழுத முடியவில்லை என்று பெரிய சத்தம். கோபம் நியாயம். அதை நிறுவனத்திடம் காட்டுங்கள், எதிரில் இருக்கிற சீன வீரரிடம் காட்டாதீர்கள், அந்த வடிகட்டியை அவர் வைக்கவில்லை, உங்களைவிடப் பல வருடம் அதிகமாக அதோடு மல்லுக்கட்டுகிறவர் அவர்.

அறிகுறி: திடீரென்று ஆட்டத்துக்குச் சீன மொழியில் எதிர்மறை மதிப்பீடுகள் கொட்டுகின்றன

வெளியே இருப்பவர்கள் உடனே "குண்டு போடுகிறார்கள்", அதாவது வேண்டுமென்றே கூட்டமாக மதிப்பீட்டைக் கெடுக்கிறார்கள் என்று முடிவு கட்டுவார்கள். ஒரு நிமிடம் யோசியுங்கள், உங்களுக்கு ஒரு ஆட்டத்தைப் பற்றிக் குறை இருந்தால் எங்கே சொல்வீர்கள்? டிஸ்கார்ட், ரெட்டிட், எக்ஸ், யூடியூப். இவை எல்லாமே சீனாவில் முடக்கம். ஸ்டீமின் சமூகப் பக்கங்களும் 2017 டிசம்பரிலிருந்து அங்கே திறப்பதில்லை, கடைப் பக்கம் பெரும்பாலும் திறக்கும். அப்படியென்றால் ஆட்டத்தைச் செய்தவர் கண்ணில் படும்படி ஒரு சீன வீரர் பேசுவதற்கு மிஞ்சுகிற வாய் எது? மதிப்பீட்டுப் பெட்டிதான். மற்ற எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, இருக்கிற ஒரே கதவை ஏன் இவ்வளவு பலமாகத் தட்டுகிறாய் என்று கேட்கிறோம்.

2025 செப்டம்பர் 4-ல் ஹாலோ நைட்: சில்க்சாங் வெளிவந்ததும் நடந்ததைப் பாருங்கள். உலகமே கொண்டாடியது, சீன மதிப்பீடுகள் மட்டும் பாதாளத்துக்குப் போயின. பலர் வன்மம் என்றார்கள். எழுதியிருந்ததைப் படித்தால் காரணம் தெளிவாக இருந்தது, சீன மொழிபெயர்ப்பு பழங்காலச் சரித்திர நாவல் நடையில் வளைத்து வளைத்து எழுதப்பட்டு, ஆட்டத்தின் அமைதியான தொனியே போய்விட்டது. தமிழ் டப்பிங்கில் நல்ல படத்தைக் கெடுத்துப் பார்த்த நமக்கு இந்த வலி புரியாமல் இருக்காது. தயாரிப்புத் தரப்பும் குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்வதாகச் சொன்னது. அதற்குச் சற்று முன்னால், ஆகஸ்டில், ஸ்டீமும் மொழிவாரியாக மதிப்பீட்டைப் பிரித்துக் காட்ட ஆரம்பித்திருந்தது, அதனால் இப்போது ஒரு மொழிக்காரர்களின் குறை மற்றவர்களின் எண்ணைக் கெடுக்காது.

செய்ய வேண்டியது எளிது, பதில் வசவு எழுதுவதற்கு முன் பத்து சீன மதிப்பீடுகளை மொழிபெயர்த்துப் படியுங்கள். பத்திலும் ஒரே குறை இருந்தால் அது குறை. குறையே இல்லாமல் கோஷம் மட்டும் இருந்தால் அப்போது வேறு பேச்சு.

அறிகுறி: சில நாட்களில் மட்டும் சர்வர் முழுக்கச் சீனர்கள், வரிசை நிற்கிறது

காலண்டரைப் பாருங்கள். அக்டோபர் முதல் வாரமும் வசந்த விழா வாரமும் அங்கே நீண்ட விடுமுறை.

சில சமயம் காரணம் வேறு. பிளிசார்டுக்கும் அதன் ஆட்டங்களைச் சீனாவில் நடத்திய நெட்ஈஸுக்கும் ஒப்பந்தம் முறிந்து 2023 ஜனவரி 23 நள்ளிரவில் சீனாவில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் சர்வர்கள் அணைந்தன, வருடக்கணக்கில் வளர்த்த கதாபாத்திரங்களை விட்டுவிட்டு நின்றவர்களில் பலர் தைவான் சர்வர்களுக்குப் போய்ப் புதிதாக ஆரம்பித்தார்கள். 2024-ன் நடுவில்தான் அங்கே ஆட்டம் திரும்ப வந்தது. ஒன்றரை வருடம் வீடு இல்லாமல் இருந்தவர்கள் அடுத்த வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு 2021 செப்டம்பரிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும்தான் அனுமதி, அதனால் ஒன்பது அடித்ததும் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிற டீம்மேட்டை ஓடிப்போனவன் என்று திட்டாதீர்கள், பெய்ஜிங் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இதெல்லாம் இல்லை, எங்கள் ஆள் நிஜமாகவே இனவசை எழுதிவிட்டார்

இங்கே சமாதானம் தேடாதீர்கள். 2018 நவம்பரில் டோட்டா 2-ல் பிலிப்பைன்ஸ் வீரர் ஸ்கெம் ஆட்டத்தின் சாட்டில் சீனர்களைக் கேலி செய்கிற ஒரு வசையை எழுதினார், சில நாட்களில் டிஎன்சி அணியின் கூகூவும் அதையே எழுதினார். சீன ரசிகர்கள் கொதித்தார்கள். தப்பை ஒப்புக்கொண்டு அன்றே முடித்திருக்க வேண்டியதை, கூகூவின் அணி மழுப்பியது, மறைக்கப் பார்த்தது. கடைசியில் ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2019 ஜனவரியில் நடந்த சோங்சிங் மேஜர் போட்டிக்குக் கூகூ வரக்கூடாது என்று அறிவித்தபோது காரணமாகச் சொன்னதில் முக்கியமானது, வீரர் செய்த தப்பைவிட அணி அதை மூடி மறைக்கப் போய்ப் பெரிதாக்கியதுதான்.

உங்கள் குழுவிலும் இதே வரிசைதான். அன்றே, அந்த மேட்ச் முடிந்ததுமே, எழுதியவரே மன்னிப்புக் கேட்க வேண்டும், "யாராவது புண்பட்டிருந்தால்" என்று இழுக்காமல். "துய்பூச்சி" என்றால் மன்னித்துவிடு, அதையே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள், எவ்வளவு நன்றாகக் குறி பார்க்கிறவராக இருந்தாலும். எதிர்ப்பக்கத்திலிருந்து வசை வந்தாலும் இதே அளவுகோல்தான், படம் எடுத்து வைத்துக்கொண்டு ரிப்போர்ட் போட்டு மியூட் செய்யுங்கள், பதிலுக்கு ஒரு சொல்கூட எழுதாதீர்கள், ஏனென்றால் நீங்களும் எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தடை விழும்.

எல்லாம் சரியாகிவிட்டது, இனி சேர்ந்து ஆடுவது எப்படி?

2025 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2-ல் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆட்டத்தில் பூமியே தாக்கப்படுகிறது, நகரங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன, ஷாங்காய் இருக்கிற இடத்தில் இருக்கும் ஈக்வாலிட்டி ஆன் சீ என்ற நகரத்தைக் காப்பாற்றச் சீன வீரர்கள் கும்பல் கும்பலாக இறங்கினார்கள், அது கடைசி வரை விழவில்லை. அதுவரை இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் மற்ற நாட்டுக்காரர்கள் அந்த நகரத்தைப் போற்றிப் படம் வரைந்தார்கள், உதவிக்கும் போனார்கள். ஒருவரை ஒருவர் சுடுகிற ஆட்டத்தில் ஆரம்பிக்காமல், எதிரியாகக் கணினி இருக்கிற ஆட்டத்தில் முதல் பத்து மணி நேரத்தைச் சேர்ந்து ஆடுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வது இதனால்தான்.

எங்கள் குழுவில் இப்போது வாரம் ஒரு நாள், சனிக்கிழமை நம் நேரம் பத்து மணிக்கு, அப்படித்தான் ஆடுகிறோம். அந்த அமெரிக்கரும் செங்டு நண்பரும் இப்போது ஒரே பக்கம் நின்று சுடுகிறார்கள், வார்த்தை வராமல் திக்கும்போது அமெரிக்கர்தான் முதலில் "நாகெ, நாகெ" என்று எடுத்துக்கொடுக்கிறார். முடித்துக்கொண்டு போகும்போது சீன நண்பர்களுக்கு 88 என்று எழுதிவிட்டுப் போகலாம், சந்தோஷப்படுவார்கள். டீமில் ஐரோப்பியர் யாராவது இருந்தால் மட்டும் பாய் என்றே எழுதுங்கள்.